பதின்மூன்று வயதோடு முடிந்துவிடும் கோடை

ஏப்ரல் இறுதியில் பள்ளிகள் மூடப்படுகின்றன. ஜூன் தொடக்கத்தில் மீண்டும் திறக்கின்றன. இடைப்பட்ட ஐந்தாறு வாரங்களை நம் சமுதாயத்துப் பதின்வயதுப் பிள்ளைகள் எவ்வாறு கழிக்கிறார்கள் என்பதை அறிய ஆய்வு எதுவும் தேவையில்லை. எந்த மஹல்லாவிலும் ஒரு தெருவைச் சுற்றிவந்தால் போதும். மகன் இரவு இரண்டு மணிவரை கைபேசியில் விளையாடிவிட்டு, ஃபஜ்ரைத் தவறவிட்டு, பதினொரு மணிக்கு எழுகிறான். அஸருக்குப் பின் யாருடைய பைக்கின் பின்னாலோ ஏறி எங்கேயோ போகிறான். எங்கே என்று கேட்டால் "சும்மா" என்கிறான். மகள் வீட்டில் இருக்கிறாள். அவளைப் பற்றிச் சொல்வதற்கு அதற்குமேல் ஒன்றுமில்லை என்பதே இக்கட்டுரையை எழுதுவதற்கான காரணம்.

பத்து வயதுவரை அவளும் தெருவில் ஓடினாள், சைக்கிள் ஓட்டினாள், பாட்டி வீட்டுக் கிணற்றடியில் குதித்து விளையாடினாள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஒரு நாள் அவையனைத்தும் நின்றுபோயின. யாரும் தடைச்சட்டம் போடவில்லை. "இனி வேண்டாம்" என்று உம்மா சொன்னார். வாப்பா கேட்டும் கேளாததுபோல் இருந்தார். சைக்கிள் தம்பிக்குப் போயிற்று. இதனை மார்க்கம் என்று நாம் அழைத்துவருகிறோம். மார்க்கம் அவளுக்கு விதித்தவை தொழுகை, நோன்பு, ஆடை ஒழுக்கம், பார்வை ஒழுக்கம். ஓடக்கூடாது, மலை ஏறக்கூடாது, நீந்தக்கூடாது என்று விதிக்கப்பட்டதாக எந்த ஆலிமும் நமக்குக் காட்டியதில்லை. அவளை வெளியே அழைத்துச் செல்வதற்கு ஒரு தகப்பனின் நேரமும் ஒரு தாயின் துணிவும் தேவை. இரண்டையும் கொடுக்க மனமில்லாத நாம் அந்த மனமின்மைக்குப் பர்தா என்று பெயரிட்டோம். பர்தா வெளியே செல்வதற்கான ஏற்பாடு. வீட்டுக்குள்ளேயே இருப்பவளுக்கு அதன் தேவைதான் என்ன?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் நபி (ஸல்) அவர்களும் ஒரு பயணத்தில் ஓட்டப்பந்தயம் வைத்துக்கொண்ட செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. முதல்முறை அன்னையார் வென்றார்கள். பிற்பாடு உடல் சற்றுக் கனத்தபின் நடந்த ஓட்டத்தில் நபியவர்கள் வென்று, முன்னதற்கு இது ஈடு என்று கூறினார்கள். இந்த ஹதீஸை நம் திருமண மேடைகளில் கணவன் மனைவி அன்புக்கு எடுத்துக்காட்டாகக் கேட்டுக்கேட்டுச் சலித்திருக்கிறோம். அதில் ஒரு பெண் திறந்தவெளியில் ஓடினாள் என்ற எளிய செய்தி மட்டும் நம் காதில் விழுவதில்லை. அபூபக்ர் (ரலி) அவர்களின் மகள் அஸ்மா (ரலி) தம் கணவரின் நிலத்திலிருந்து பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்து மூன்று கிலோமீட்டருக்கும் மேல் நடந்து வந்ததை அவர்களே கூறியதாகப் புகாரியில் காண்கிறோம். ஹிஜ்ரத்தின்போது ஸவ்ர் குகைக்கு உணவு கொண்டுசென்றவரும் அவரே என்று சீரா நூல்கள் கூறுகின்றன. இன்று ஹஜ்ஜுக்குச் செல்லும் நம் வாலிபர்கள் பலர் அந்த மலையைக் கீழிருந்து படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

"நாங்கள்தான் ஆண்டுதோறும் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துச் செல்கிறோமே" என்று சிலர் கேட்பார்கள். அந்தச் சுற்றுலாவையும் சற்றுப் பார்த்துவிடுவோம்.

பதினெட்டுப் பேர் ஒரு வேனில் ஏறுகிறார்கள். வேனின் கூரையில் தேக்சா, அடுப்பு, அரிசி மூட்டை. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ ஒரு காட்டேஜ். போய்ச் சேர்ந்த மாத்திரத்தில் பெண்கள் வெங்காயம் உரிக்க உட்காருகிறார்கள். ஊரில் நான்கு பேருக்குச் சமைத்தவர்கள் மலையில் பதினெட்டுப் பேருக்குச் சமைக்கிறார்கள். ஆண்கள் போர்வைக்குள் இருந்தபடி தேநீர் கேட்கிறார்கள். பிற்பகலில் வேன் ஒரு காட்சிமுனையில் நிற்கிறது. அனைவரும் இறங்கிப் படமெடுத்துக்கொண்டு, மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய் வாங்கித் தின்றுவிட்டு ஏறுகிறார்கள். வேன் அடுத்த முனையில் நிற்கிறது. மூன்று நாளில் ஒரு பிள்ளை மொத்தமாக நடந்த தூரத்தைக் கூட்டினால், பள்ளிவாசலுக்கு ஒருநாள் ஐவேளை போய்வரும் தூரம்கூட வராது. பதினைந்து வயதுப் பையன் பின்னிருக்கையில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு அமர்ந்திருக்கிறான். அவனுக்குக் கொடைக்கானலும் ஒன்று, கடைத்தெருவும் ஒன்று. அவனைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. அங்கே அவன் செய்வதற்கென்று எதையும் நாம் வைக்கவில்லை.

இப்படிப்பட்ட வேன்களும் கார்களும் தாங்கமுடியாத அளவுக்குக் குவிந்ததால்தான் சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமாயிற்று. மலைக்கும் நம்மைப் பிடிக்காமல் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

உலக சுகாதார நிறுவனம் பதின்வயதினருக்குப் பரிந்துரைப்பது நாளொன்றுக்கு 60 நிமிட உடலுழைப்பு. 11 முதல் 17 வயதுவரையிலான மாணவர்களில் உலகளவில் ஐவரில் நால்வர் அந்த அளவை எட்டுவதில்லை என்று அந்நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட கணக்கு கூறுகிறது. பெண்பிள்ளைகளில் அவ்வாறு எட்டாதவர்கள் 85 விழுக்காடு, ஆண்பிள்ளைகளில் 78. நம் வீடுகளில் தனிக் கணக்கெடுத்தால் பெண்பிள்ளைகளின் எண் என்னவாக இருக்கும் என்பதை வாசகர்களின் ஊகத்துக்கே விடுகிறோம். இந்தியாவில் பத்துக்கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவோடு வாழ்வதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் தெரிவித்தது. அந்தப் பத்துக்கோடியில் நம் பங்கைச் செலுத்த நாம் ஒருபோதும் தவறியதில்லை என்பதை, நிக்காஹ் விருந்தின் முடிவில் மாத்திரை டப்பாக்கள் திறக்கப்படும் ஓசையிலிருந்து அறியலாம். முப்பத்தெட்டு வயதில் முழங்கால் வலி என்று சொல்லும் தாய்மார்கள் பலர் பதின்மூன்று வயதில் சைக்கிளைத் தம்பியிடம் கொடுத்தவர்களே. ஸஃபா மர்வாவுக்கிடையே ஏழுமுறை நடப்பது ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். அந்தத் தூரத்தைச் சக்கர நாற்காலியில் கடப்பதற்கு நோயாளிகளுக்கும் முதியோருக்கும் அனுமதி உண்டு. நாற்பதுகளில் இருப்பவர்கள் அந்த நாற்காலிக்குப் பணம் கட்டும் காட்சியைக் காண நேர்வதுதான் வேதனை.

பலமிக்க இறைநம்பிக்கையாளர் பலவீனமானவரைவிட அல்லாஹ்வுக்கு உவப்பானவர், இருவரிடத்திலும் நன்மை உண்டு என்ற கருத்துடைய ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. இதில் உள்ள பலத்தை ஈமானின் பலம் என்று விளக்கும் அறிஞர்கள் உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஓயாமல் நோன்பு நோற்று இரவெல்லாம் தொழுத அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களை அழைத்து, உடலுக்கும் உம்மீது உரிமை உண்டு என்று நபியவர்கள் உணர்த்திய செய்திக்கு வேறு விளக்கம் கிடையாது. வணக்கத்துக்காக உடலை வருத்தியவரிடமே அவ்வாறு சொல்லப்பட்டது. ரீல்ஸ் பார்ப்பதற்காக உடலைக் கிடத்திவைப்பவரிடம் என்ன சொல்லப்படும்?

நாம் முன்வைப்பது பெரிய திட்டமன்று. விடுமுறையில் ஒருவாரம், அதுவும் இயலாதோர் நான்கு நாட்கள், குடும்பம் முழுவதும் தன் கால்களைப் பயன்படுத்தும் வகையில் வெளியே செல்ல வேண்டும். வாப்பா, உம்மா, மகன், மகள் நால்வரும். மகனை மட்டும் அழைத்துச்செல்லும் தகப்பன்மார்கள் நம் கருத்தைப் பாதி ஏற்றவர்கள் அல்லர்; முற்றிலும் ஏற்காதவர்கள்.

தொலைவாகப் போக வேண்டியதில்லை. வாணியம்பாடி, ஆம்பூர் மக்களுக்கு ஏலகிரி கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம். கீழே வேலூரும் திருப்பத்தூரும் நாற்பது டிகிரியில் வேகும்போது அங்கே காலையில் காற்று குளிர்ந்திருக்கும். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் வண்டியில் ஏறி, படகுத்துறையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து முடித்து இறங்குவதே வழக்கம். அதே மலையில் சுவாமிமலை உச்சிக்குக் காட்டுவழியே நடைபாதை இருக்கிறது. கடையநல்லூர், புளியங்குடி மக்கள் காலையில் கண்விழித்தால் மேற்குத் தொடர்ச்சி மலைதான் முகத்தில் விழிக்கிறது. வாழ்நாள் முழுதும் அதன் அடிவாரத்தில் வாழ்ந்து, ஒருமுறைகூட அதன்மேல் கால்வைக்காமல் கபுருக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்! சென்னைவாசிகளுக்கு, பூண்டி நீர்த்தேக்கத்தை அடுத்த காட்டுக்குள் குடியம் குகைகள் உள்ளன. கற்கால மனிதர்கள் புழங்கிய பாறைக் குடைவுகள் அவை. வரலாற்றுப் பாடத்தில் இரண்டு மதிப்பெண் வினாவாக அந்தப் பகுதியைப் படித்த பிள்ளை, அங்கே கால்கடுக்க நடந்துபோய் நிற்கும்போது அதை வேறுவிதமாக அறியும். பூமியில் பயணம் செய்து படைப்பு எவ்வாறு தொடங்கியது என்று பார்க்குமாறு அல்அன்கபூத் அத்தியாயம் பணிக்கிறது. வானத்தையும் மலைகளையும் ஒட்டகத்தையும் பார்க்கவேண்டாமா என்று அல்காஷியா அத்தியாயம் கேட்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் பல பள்ளிகளில் ஓதப்படும் அத்தியாயம் அது. ஓதக் கேட்ட பிள்ளைக்கு மலையைக் காட்டியது யார்?

தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் நாற்பது மலையேற்றப் பாதைகளை முறைப்படுத்தி, இணையத்தில் முன்பதிவு செய்யும் ஏற்பாட்டைத் தொடங்கியது. மேலே சொன்ன சுவாமிமலையும் குடியமும் அந்தப் பட்டியலில் இருப்பவை. உள்ளூர் மக்களையே, பல இடங்களில் பழங்குடியினரையே, வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்திருக்கிறார்கள். வழிகாட்டியின்றி, அனுமதியின்றிக் காட்டுக்குள் செல்லவே கூடாது. இதில் வீரம் காட்டுவதற்கு இடமில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றத்தினர் மாண்டதை நாடறியும். கோடையின் தொடக்கத்தில் தீ அபாயம் கருதி வனத்துறை பாதைகளை மூடிவைப்பதுண்டு. திறந்திருக்கிறதா என்று அறிந்து, பிள்ளைகளின் வயதுக்கான விதிகளைப் படித்துப் பார்த்தபின்னரே பதிவுசெய்ய வேண்டும். மலைமீது மழை பெய்திருந்தால் அருவிக்கரைப் பக்கமே போகலாகாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் பதினேழு வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்றது.

"இந்த வெயிலிலா?" என்ற கேள்வி நியாயமானது. கத்திரி வெயிலில் பகல் பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைகளை நடக்கவைப்பது கொடுமை. ஆனால் நம்மிடம் ஒரு நாளைப் பகுத்துக்கொள்வதற்கு ஆயத்தமான ஒழுங்கு உள்ளது. ஃபஜ்ரு தொழுதவுடன் புறப்பட வேண்டும். மே மாதத்தில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடுகிறது. எட்டரை, ஒன்பது மணிவரை கிடைக்கும் நேரம் ஒரு குன்றை ஏறி இறங்கப் போதுமானது. அதன்பின் நிழலுக்குத் திரும்பி உண்டு, லுஹர் தொழுது, கைலூலா உறக்கம் கொள்ளலாம். அந்த நண்பகல் உறக்கம் ஸஹாபாக்களின் வழக்கம். பாலைவன மக்களுக்கு வெயிலைப் பற்றி நாம் பாடம் சொல்ல வேண்டியதில்லை. அஸருக்குப் பின் மீண்டும் மக்ரிப்வரை வெளியே. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், தலைக்குத் துணி, காலுக்குப் பிடிமானமுள்ள ஷூ. பிள்ளைகளின் பருத்தி ஆடைகளைத் தளர்வாகத் தைத்துக்கொண்டால் ஒழுக்கத்துக்கும் அதுவே, உடலுக்கும் அதுவே ஏற்றது. கருப்பு நைலான் புர்காவை அணிவித்து மலையேறச் செய்துவிட்டு, "பார்த்தீர்களா, முடியவில்லை" என்று சொல்லும் தந்திரம் நமக்குத் தெரியும். வெளிர் நிறத்தில் பருத்தியில் தைக்கப்பட்ட, கணுக்காலில் தடுக்காத தளர்ந்த ஆடையை மார்க்கம் எங்கே மறுத்தது?

தொழுகை தவறிவிடும் என்று கவலைப்படுவோர், ஷாப்பிங் மாலுக்குள் நுழையும்போது அந்தக் கவலையை எங்கே கழற்றி வைக்கிறார்கள் என்று தெரியவில்லை. பூமி முழுவதும் தொழுமிடமாக ஆக்கப்பட்ட சமுதாயம் நாம். தண்ணீர் கிடைக்காத இடத்துக்குத் தயம்மும் இருக்கிறது. ஏறத்தாழ எண்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்வோர் நான்கு ரக்அத் தொழுகைகளைச் சுருக்கலாம். ஷாஃபிஈகள் சேர்த்தும் தொழலாம், ஹனஃபிகளுக்குச் சேர்ப்பு இல்லை. (வாணியம்பாடியிலிருந்து ஏலகிரிக்குப் போகிறவர்கள் எந்த மத்ஹபானாலும் முழுமையாகவே தொழ வேண்டும், சலுகையை எதிர்பார்க்க வேண்டாம்.) பாறைமீது துண்டு விரித்து, சூரியன் நிற்கும் திசையைக்கொண்டு கிப்லாவைக் கணித்து, மகன் பாங்கு சொல்ல, தந்தை இமாமாக நிற்க, தாயும் மகளும் பின்வரிசையில் நின்று தொழுத ஓர் அஸரை அந்தப் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். வீட்டில் அவன் பாங்கு சொல்வதற்கு நாம் வாய்ப்பளித்ததே இல்லை.

இனி, நாம் மிகவும் கவலைப்படும் செய்திக்கு வருகிறோம். அது நீச்சல்.

காயல்பட்டினம், கீழக்கரை, தொண்டி, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, நாகூர் என்று கடலோரம் நெடுகிலும் வாழ்ந்த மக்கள் நம் முன்னோர். மரக்கலம் என்ற சொல்லிலிருந்து மரைக்காயர் என்ற பெயர் வந்தது என்போர் உண்டு. மர்கப் என்ற அரபுச் சொல்லைக் காட்டுவோரும் உண்டு. எதுவாயினும் இரண்டுக்கும் பொருள் கப்பலே. இலங்கைக்கும் மலாயாவுக்கும் பாய்மரம் விரித்தவர்கள், மன்னார் வளைகுடாவில் முத்துக்கும் சங்குக்கும் மூழ்கியவர்கள் நம் ஊர்களில் இருந்தார்கள். அவர்களுடைய கொள்ளுப்பேரன்களில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்? கடற்கரையில் கணுக்கால் நனையப் படமெடுத்துக்கொள்வதே நம் கடல்வாணிபத்தின் எச்சமாகிவிட்டது. கடல்மீது பயணம் செய்யும் கூட்டத்தில் தாமும் இருக்கவேண்டும் என்று நபியவர்களிடம் துஆச் செய்யக் கேட்டவர் உம்மு ஹராம் (ரலி) என்ற பெண்மணி. பின்னர் அவ்வாறே கடல் கடந்தும் சென்றார். புகாரியில் இருக்கும் செய்தி. நம் மகளிடம் கடல் என்றால் என்ன என்று கேட்டுப்பாருங்கள். மாலையில் சுண்டல் விற்கும் இடம் என்பாள்.

இது பெருமைக்காகப் பேசும் பழங்கதையன்று. ஒவ்வொரு கோடையிலும் செய்தித்தாளின் உள்பக்கத்தில் ஒரே செய்தி பெயர் மாற்றி வருகிறது: நண்பர்களுடன் குளிக்கச் சென்ற மாணவர் ஏரியில், ஆற்று மணல் குழியில், கைவிடப்பட்ட கல்குவாரியில் மூழ்கினார், காப்பாற்றக் குதித்தவரும் மூழ்கினார். 2021இல் மட்டும் உலகில் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் முப்பது வயதை எட்டாதவர்கள். நம் மஹல்லாக்களிலிருந்தும் அந்தக் கணக்கில் பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். ஜனாஸாவில் நின்று "விதி" என்றோம். கத்ரை நம்புவது ஈமானின் கடமை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு கற்பிக்கப்பட்டவர்கள் நாம். பையனுக்கு நீச்சல் கற்றுத்தராமல், அவன் எங்கே போகிறான் என்று கேட்காமல் இருந்துவிட்டு, முடிவை மட்டும் விதியின் கணக்கில் எழுதுவது முறையாகுமா?

பிள்ளைகளுக்கு நீச்சலும் அம்பெய்தலும் குதிரையேற்றமும் கற்பியுங்கள் என்று உமர் (ரலி) கூறியதாக ஒரு தொடர் பரவலாக வலம்வருகிறது. அதன் அறிவிப்பாளர் தொடரில் சர்ச்சை இருப்பதால் அதை நாம் ஆதாரமாக்கவில்லை. வீண்விளையாட்டில் சேராத நான்கு செயல்களில் நீச்சல் கற்பதும் ஒன்று என்ற அறிவிப்பு நஸாயீயின் அஸ்ஸுனனுல் குப்ராவில் இருக்கிறது; அதுவே போதும். மனைவியோடு விளையாடிக் களிப்பதும் அந்த நான்கில் ஒன்று என்பதைக் கணவன்மார்கள் கவனிப்பார்களாக.

மகளுக்கு நீச்சல் எப்படி என்று கேட்பவர்கள் கேட்டுவிட்டு நின்றுவிடுகிறார்கள், விடையைத் தேடுவதில்லை. பல மாவட்டத் தலைநகரங்களில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் நீச்சல் குளங்கள் உள்ளன. கோடையில் அங்கே பயிற்சி வகுப்புகள் நடத்துவது வழக்கம். பெண்களுக்கெனத் தனி நேரமும் பெண் பயிற்றுநரும் வேண்டும் என்று பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து எழுத்துமூலம் கேட்டால், மறுப்பதற்கு அதிகாரிகளுக்கு ஏது முகாந்திரம்? மறுத்தால், தனியார் குளமொன்றைக் காலை இரண்டு மணிநேரம் பத்து நாட்களுக்கு வாடகைக்குப் பேசலாம். ஒரு நிக்காஹ் மண்டபத்தின் மின்விளக்கு அலங்காரச் செலவைவிடக் குறைவாகவே ஆகும். உடலை முழுதும் மறைக்கும் நீச்சலுடைகள் இன்று கடைகளிலும் இணையத்திலும் தாராளமாகக் கிடைக்கின்றன. மதரஸாக்களுக்கும் அரபிக் கல்லூரிகளுக்கும் இலட்சக்கணக்கில் வாரி வழங்கும் நம் ஜமாஅத்துகளில், பெண்பிள்ளைகள் நீந்தக் கற்பதற்கென்று ஒரு மாலைநேரக் கூட்டமாவது எங்கேனும் நடந்ததுண்டா?

"நீட் வகுப்பு இருக்கிறது", "பத்தாம் வகுப்புப் பாடத்தை மே மாதமே தொடங்கிவிட்டார்கள்" என்ற மறுப்பைப் பற்றி நீளப் பேச விரும்பவில்லை. ஐந்தாறு வார விடுமுறையில் நான்கு நாள் போனால் கெட்டுவிடும் படிப்பு, தேர்வு மண்டபத்திலும் நிலைக்காது. பள்ளிவாசல்களில் நடக்கும் கோடைகாலத் தீனிய்யாத் வகுப்புகளைப் பொறுத்தவரை, அவை தொடரவேண்டும் என்பதே நம் விருப்பம். அவற்றை நடத்தும் ஆலிம்களுக்கு ஒரு வேண்டுகோள்: நான்கு வாரத்தில் ஒரு நாளாவது பிள்ளைகளை வகுப்பறைக்கு வெளியே அழைத்துச் செல்லுங்கள். நபியவர்கள் மக்காவாசிகளின் ஆடுகளைக் கூலிக்கு மேய்த்ததைப் புகாரியிலிருந்து பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறீர்கள். ஆட்டின் பின்னால் ஒரு நாள் நடப்பது எத்தகையது என்று அவர்களுக்குத் தெரியாது.

வளைகுடாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உழைக்கும் தகப்பன்மார்களிடம் பேசாமல் இக்கட்டுரையை முடிக்க முடியாது. ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ ஒருமுறை கிடைக்கும் முப்பது, நாற்பது நாள் விடுப்பில் நீங்கள் வருகிறீர்கள். வந்ததும் வீட்டுக் கட்டுமான வேலை, மனைப் பத்திரம், மூன்று நிக்காஹ், நான்கு நோயாளி விசாரிப்பு. விமானத்திலிருந்து இறங்கும்போது மகளுக்குப் பதினைந்து வயது. நீங்கள் விட்டுச்சென்றபோது பதின்மூன்று. அவளுக்குச் சாக்லேட் டப்பா கொண்டுவருகிறீர்கள். அவள் சலாம் சொல்லி வாங்கிக்கொண்டு உள்ளே போகிறாள். மகன் ஒற்றைச் சொல்லில் விடையளிக்கிறான். கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து, "படிப்பெல்லாம் எப்படி?" என்று கேட்டால் எந்தப் பதின்வயதுப் பிள்ளையும் வாய்திறப்பதில்லை, அது விசாரணைபோல் இருக்கிறது. முகம் பார்க்காமல், ஒரே திசையில், தோளுக்குத் தோள் நடக்கும்போது அதே பிள்ளைகள் பேசுகிறார்கள். முதல் ஒரு மணிநேரம் கால்வலி, கொசு, தாகம் என்று முணுமுணுப்பார்கள். இரண்டாவது மணிநேரத்தில் நண்பர்களைப் பற்றிய பேச்சு வரும். இறங்கிவரும் வழியில், இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லக்கூடும்: வகுப்பில் தன் முக்காட்டைப் பற்றி ஒருவர் சொன்னது, ஒரு பாடம் புரியவே புரியாதது, நள்ளிரவில் கைபேசியில் பார்த்துப் பயந்த ஒன்று. அந்த ஒன்றைச் சொல்வதற்கு உம்மாவும் வாப்பாவும் அருகில் இல்லாதபோதுதான் பிள்ளைகள் வேறு காதுகளைத் தேடிப்போகிறார்கள். பின்னர் நாம் ஆலிம்களிடம் ஓடி, பிள்ளை கைமீறிப் போய்விட்டான், ஓதிப்பாருங்கள் என்கிறோம்.

மகள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. வெளியுலகம் ஆபத்தானது என்பதனால்தான் அவளை அழைத்துச் செல்வதில்லை என்கிறோம். இன்னும் மூன்றாண்டுகளில் அவள் கல்லூரிக்குப் பேருந்தில் தனியாகப் போவாள். ஆறாண்டுகளில், நாம் முகம்கூடச் சரியாக அறியாத ஒரு குடும்பத்துக்கு அவளை மணமுடித்து அனுப்புவோம், சிலவேளை நாடுகடந்தும். அதுவரை ஒரு கிலோமீட்டர் தூரத்தைக்கூடத் தன் துணிவில் நடந்திராத, வழிதவறினால் யாரிடம் எப்படிக் கேட்பது என்று அறியாத, பாம்பைக் கண்டால் உறைந்து நிற்கிற, தண்ணீரில் விழுந்தால் மூழ்குகிற ஒருத்தியை அந்த உலகத்துக்குள் இறக்கிவிடுவதற்குப் பாதுகாப்பு என்று பெயரா? தந்தையும் சகோதரனும் உடனிருக்கும் காலமே அவள் இவற்றைக் கற்றுக்கொள்வதற்கான காலம். மஹ்ரமோடு பயணம் செய்ய வேண்டும் என்பது சட்டம். மஹ்ரம்கள் பயணம் செய்யமாட்டோம் என்று வீட்டில் உட்கார்ந்துகொள்வது அந்தச் சட்டத்தில் இல்லை.

தாய்மார்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அந்த நான்கு நாட்களில் தேக்சாவைத் தொடாதீர்கள். ரொட்டி, பேரீச்சம்பழம், வாழைப்பழம், அவித்த முட்டை, கடையில் வாங்கிய இட்லி போதும். பிரியாணி இல்லாமல் நான்கு நாள் இருந்த முஸ்லிம் எவரும் இறந்ததாகப் பதிவில்லை. நீங்களும் ஷூ அணிந்து வெளியே வாருங்கள். உம்மா மூச்சிரைக்கப் பாறையில் உட்கார்ந்து சிரிப்பதைப் பார்க்காத மகளுக்கு, வளர்ந்த பெண்ணும் மலை ஏறலாம் என்று யார் சொன்னாலும் நம்பிக்கை வராது.

நீச்சல் வகுப்புகளுக்கான சேர்க்கை பெரும்பாலான ஊர்களில் தேர்வுகள் முடிவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. இடங்களும் விரைவில் நிரம்பிவிடுகின்றன. பெண்களுக்குத் தனி நேரம் கேட்கும் மனுவை மார்ச் மாதமே கொடுத்துவிட வேண்டும். மனுவில் கையெழுத்திடும் முதல் பெயர் ஜமாஅத் தலைவருடையதாக இருந்தால் நல்லது. அவர் தயங்கினால் அவருடைய மனைவியிடம் கேளுங்கள்.